நீளும் மின்கடத்தித் துணி: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள், தையல்கடைக்காரர்கள், தறி வைத்திருப்பவர்கள் கேட்ட சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்கள் வாய்ச்சொல்லில் இருக்கின்றன. முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை. ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் மறுபடி சொல்லவில்லை. எண்ணைப் பார்த்துத் திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

1. இது என்ன துணி? உள்ளுக்குள்ள ஒயர் வச்சுத் தச்சதா?

இல்லை. ஒயர் வைத்துத் தைத்தால் துணி நீளும்போது ஒயர் நீளாது. பத்து நாள் மடக்கி நீட்டினால் செம்புக்கம்பி ஒரே இடத்தில் களைத்து முறியும். இங்கே நூலே கடத்துகிறது. நைலான் நூலின்மேல் ஒரு மைக்ரான் அளவிலோ அதற்கும் கீழோ வெள்ளிப் பூச்சு இருக்கும், அல்லது துணி முழுக்கக் கடத்தும் பாலிமர் படிந்திருக்கும்.

நீட்சி பூச்சிலிருந்து வருவதில்லை என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிச் சந்தேகம் தீரும். வெள்ளிப் படலம் சில சதவீதம் இழுத்தாலே விரிசல் விடும். துணி 50% நீள்கிறது என்றால், அது பின்னலின் கண்ணி வளைந்து கொடுப்பதாலும் உள்ளே இருக்கும் லைக்ராவாலும்தான். நூல் ஏறக்குறைய நீளாமலே இருக்கிறது. அதனால்தான் பூச்சும் பிழைக்கிறது.

2. நம்ம கண்டாங்கித் தறியிலயே இதை நெஞ்சிரலாமே?

நெய்யலாம், ஆனால் நீளாது. கண்டாங்கி பாவும் ஊடும் குறுக்கே ஓடும் நெசவு. இழுத்தால் இழையின் சின்ன அலை நேராகும் அளவுக்குத்தான் இடம் கொடுக்கும். அதற்குமேல் இழுத்தால் இழை அறும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை அது, உறுதிக்குப் பேர் போனது. அந்த உறுதிதான் இந்த வேலைக்கு எதிரி.

நீள வேண்டுமானால் பின்னல் துணி வேண்டும். திருப்பூரில் சிங்கிள் ஜெர்சி, ரிப், இன்டர்லாக் என்று கேட்டால் கிடைக்கும். லைக்ரா கலந்த ஜெர்சி 180 முதல் 220 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்சி நெடுக்கைவிட அகலவாக்கில் அதிகம் நீளும். எந்தப் பக்கம் நீள வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கத்தரியைத் தொட வேண்டும். தறிக்கும் வேலை இருக்கிறது: நீளத் தேவையில்லாத பட்டை, பையின் வார், சட்டைக் காலரில் போகும் மின்பாதை ஆகியவற்றை ஊடில் கடத்தும் நூல் விட்டு நெய்துவிடலாம்.

3. ஜரிகையில வெள்ளி இருக்கே, அது கரண்ட்டைக் கடத்துமா?

அசல் ஜரிகை கடத்தும். பட்டு இழையின்மேல் தட்டையான வெள்ளிக்கம்பியைச் சுற்றியது அது. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேபில் மேகி ஆர்த், ரெஹ்மி போஸ்ட் முதலியோர் துணியில் மின்சுற்று அமைத்தபோது எடுத்துக்கொண்டது இந்தியாவில் நெய்த உலோக இழைப் பட்டு ஆர்கன்ஸாதான். ஆக, வழி புதிதல்ல.

இப்போது கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஜரிகை பாலியஸ்டர் படலத்தில் அலுமினியம் ஏற்றி, மேலே அரக்குப் பூச்சு போட்டது. மல்டிமீட்டர் வைத்தால் ஒன்றும் காட்டாது. சேலையை வெட்டுவதற்கு முன் ஒரு முனையில் வைத்துப் பாருங்கள். பாட்டி சேலையாக இருந்தால் வெட்டாமலே இருங்கள்.

4. ஆன்லைன்ல 'கண்டக்டிவ் துணி'ன்னு பத்து வகை வருது. எதை வாங்குறது?

விலை குறைவாக, பளபளவென்று, காகிதம்போல மொடமொடப்பாக வருவது பெரும்பாலும் செம்பும் நிக்கலும் ஏற்றிய பாலியஸ்டர் நெசவு. அலைபேசி அலையைத் தடுக்கும் பைகளுக்கானது. கடத்துதிறன் மிக நன்று, ஆனால் நீளாது. நிக்கல் பலருக்குத் தோலில் அரிப்பு, தடிப்பு உண்டாக்கும். உடம்பில் படும் எதற்கும் அதை வாங்காதீர்கள்.

மின்பாதை, மின்முனை இவற்றுக்கு வெள்ளி பூசிய நைலான்-லைக்ரா பின்னல். புதிதாக இருக்கும்போது சதுரத் தடை (5ஆம் கேள்வி) பெரும்பாலும் 5 ஓமுக்குள் இருக்கும். அசைவை அளக்கும் உணரிக்குப் பாலிபைரோல் என்ற கடத்தும் பாலிமர் படிந்த கறுப்புத் துணியோ கரி கலந்த சிலிக்கோனோ போதும். சில நூறு ஓம் முதல் சில ஆயிரம் ஓம் வரை இருப்பது அங்கே வசதிதான். பெடாட்-பிஎஸ்எஸ் என்ற பாலிமர்க் கரைசலில் 5% டைமீத்தைல் சல்பாக்ஸைடு கலந்து துணியை முக்கி, 110 முதல் 120 பாகை செல்சியஸில் 15 நிமிடம் காயவைப்பது இன்னொரு வழி. எளிது, ஆனால் ஈரம் பட்டால் உப்பி உரியும். துருப்பிடிக்காத எஃகு இழை கலந்த நூல் துவைக்கத் தாங்கும். ஆனால் தடை மீட்டருக்கு மீட்டர் மாறும், சால்டர் ஒட்டாது.

5. மல்டிமீட்டர் வச்சா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வருது. எதை எடுத்துக்கிறது?

எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். முள்ளை அழுத்தும் அழுத்தம்தான் அங்கே எண்ணாக வருகிறது. 2 செ.மீ. அகலத்தில் துணிப்பட்டை வெட்டி, இரண்டு முனையிலும் முழு அகலத்துக்கும் செம்புத் தகடு வைத்து கிளிப் போடுங்கள். தகடுகளுக்கு நடுவே சரியாக 10 செ.மீ. நீளம் இருக்கட்டும். 10ஐ 2ஆல் வகுத்தால் 5: அதாவது ஐந்து சதுரங்கள் வரிசையாக நிற்கின்றன. மீட்டர் 11 ஓம் காட்டி, இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.5 ஓம் காட்டினால், 10.5ஐ 5ஆல் வகுத்து 2.1 ஓம். அதுதான் சதுரத் தடை. பட்டை எவ்வளவு பெரியது என்பது முக்கியமில்லை, நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதமே கணக்கு.

5 ஓமுக்குக் கீழே போகும் துணியில் இதுவும் பொய் சொல்லும். 9 வோல்ட் பேட்டரியோடு 470 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து மின்சாரத்தை வெளி முனைகளில் அனுப்புங்கள். ஏறக்குறைய 19 மில்லியாம்பியர் ஓடும். நடுவில் வேறு இரண்டு இடத்தில் மில்லிவோல்ட்டை மட்டும் அளந்து, ஓடும் மின்சாரத்தால் வகுத்தால் கிளிப்பின் தடை கணக்கில் வராது. இழுத்து விட்ட துணியை உடனே அளக்காமல் ஐந்து நிமிடம் கிடத்திவிட்டு அளக்க வேண்டும்.

6. துணியை இழுத்தா தடை குறையுது சார். கூடத்தானே வேணும்?

கம்பியாக இருந்தால் கூட வேண்டும். கன அளவு மாறாத ரப்பர்க் கடத்தியை 50% இழுத்தால், நீளம் கூடி அகலமும் தடிப்பும் குறைவதால், தடை 2.25 மடங்காகும் (1.5ஐ 1.5ஆல் பெருக்கியது).

பின்னல் துணியில் மின்சாரம் நூல் வழியே மட்டும் ஓடுவதில்லை. ஒரு கண்ணி இன்னொன்றைத் தொடும் இடத்தில் தாண்டிக் குதிக்கிறது. நெடுக்கில் இழுத்தால் கண்ணிகளின் கால்கள் ஒன்றையொன்று நெருக்கி அழுத்தும். தொடும் இடம் கூடும், தடை இறங்கும். இன்னும் இழுத்தால் தொடுவதற்கு இனி இடமில்லை என்ற நிலை வந்து தடை ஏற ஆரம்பிக்கும். இறங்கி ஏறும் அந்தத் திருப்பம் எத்தனை சதவீதத்தில் வருகிறது என்று உங்கள் துணியில் 5% படிகளாக இழுத்து வரைந்து பாருங்கள். உணரி செய்வதாக இருந்தால் திருப்பத்துக்கு ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்யும்படி துணியை முன்கூட்டியே கொஞ்சம் இழுத்துத் தைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு ஒரே எண்ணுக்கு இரண்டு நீளம் வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் மாணவர்கள்தான் அதிகம்.

7. கறுப்புத் துணியை நாங்களே லேப்ல பண்ணலாமா? அளவோட சொல்லுங்க.

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில், புகைக்கூண்டுக்குள் (ஃபியூம் ஹூட்), நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யலாம். வீட்டு வளவில் செய்யாதீர்கள். வானம் பார்த்த இடம்தான் என்றாலும் பைரோல் ஆவி நச்சு. ஆத்தங்குடிக் கல் சிமெண்டுக் கல் என்பதால் அமிலக் கரைசல் சிந்தினால் பூவேலை அரித்துப் போகும்.

துணி 10 கிராம். 180 ஜி.எஸ்.எம். துணியென்றால் ஏறக்குறைய 23.5 செ.மீ. சதுரம். முதலில் நிட்டிங் எண்ணெய் போக வேண்டும்: லிட்டருக்கு 2 கிராம் அயனியில்லா சோப்புத் திரவம், 1 கிராம் சலவைச் சோடா, 60 பாகையில் 30 நிமிடம், பிறகு நன்றாக அலசல். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். உருண்டு நின்றால் மறுபடி அலசுங்கள். பிறகு 400 மி.லி. காய்ச்சி வடித்த தண்ணீரில் பாரா-டொலுயீன் சல்ஃபோனிக் அமிலம் 3.8 கிராம், பைரோல் 1.4 மி.லி. கலந்து, ஐஸ் போட்ட தெர்மகோல் பெட்டியில் வைத்து 5 பாகைக்கு இறக்குங்கள். துணியை அதில் 30 நிமிடம் ஊறவிடுங்கள். தனியாக 100 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் ஃபெரிக் குளோரைடு (ஆறு நீர்மூலக்கூறு உள்ளது) 12.4 கிராம் கரைத்து, பத்து நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். துணியைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சையாகி, கரும்பச்சையாகி, கறுக்கும். 2 மணி நேரம் 5 பாகையிலேயே வைத்து எடுத்து, கறுப்புத் துகள் வராத வரை அலசி, நிழலில் காயப்போடுங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்க்யூட் பலகை அரிக்க விற்கும் ஃபெரிக் குளோரைடு நீரற்ற கட்டியாக இருந்தால் 7.5 கிராம் போதும். தண்ணீரில் போடும்போது சூடாகும், சிறிது சிறிதாகப் போடுங்கள். இந்தக் கணக்கு ஒரு மோல் பைரோலுக்கு 2.3 மோல் ஃபெரிக் குளோரைடு. அதற்குமேல் போட்டால் உருவான பாலிமரையே அது தின்ன ஆரம்பிக்கும்.

8. சொன்னபடியேதான் செஞ்சோம். துணி கறுத்துச்சு, ஆனா மீட்டர் மெகா ஓம் காட்டுது. ஏன்?

மூன்று காரணத்தில் ஒன்று. முதலாவது சூடு. சித்திரை வெயிலில் ஐஸ் உருகி 25 பாகைக்குப் போயிருந்தால் பாலிமர் துணியில் படியாமல் தண்ணீரில் பொடியாக விழும். அலசிய தண்ணீர் மைபோல் இருந்தால் இதுதான்.

இரண்டாவது பைரோல். அது நிறமற்றதாகவோ வெளிர்மஞ்சளாகவோ இருக்க வேண்டும். பழுப்பாகிவிட்டால் தானாகவே பாலிமராகத் தொடங்கிவிட்டது. அலுமினாத் தூள் நிரப்பிய குழாயில் வடிகட்டியோ வாலைவடித்தோதான் பயன்படுத்த வேண்டும். புட்டி எப்போதும் இருட்டில், குளிர்ப்பெட்டியில்.

மூன்றாவது, அலசியபின் யாராவது பழக்கதோஷத்தில் துணிசோப்பு போட்டிருப்பார்கள். பாலிபைரோல் கடத்துவதற்குக் காரணம் அதற்குள் இருக்கும் சல்ஃபோனேட் அயனிகள். சோப்பின் காரம் அதை வெளியே தள்ளிவிடும். கறுப்பு இருக்கும், கடத்தல் போய்விடும். அதே அமிலத்தின் 1% கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் ஓரளவு திரும்பி வரும், முழுதாக வராது.

9. வெள்ளிப் பூச்சையும் நாமளே போட்டுக்கலாமா?

கண்ணாடிக்கு ரசம் பூசும் அதே வேதியியல்தான். எண்ணெய் போக்கிய நைலான் பின்னலை ஸ்டானஸ் குளோரைடில் (லிட்டருக்கு 10 கிராம், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 40 மி.லி.; உப்பை அமிலத்தில் கரைத்த பிறகே தண்ணீர் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பால்போல் திரியும்) 10 நிமிடம் வைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் பல முறை அலசுங்கள். லிட்டருக்கு 10 கிராம் வெள்ளி நைட்ரேட் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பழுப்பு வண்டல் வந்து, மறுபடி தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். துணியைப் போட்டு, அதே அளவு குளூக்கோஸ் கரைசல் (லிட்டருக்கு 20 கிராம்) ஊற்றினால் வெள்ளி படியத் தொடங்கும்.

வெள்ளி நைட்ரேட்டில் 63.5% வெள்ளி. அதில் பாதியாவது துணிக்குப் போகாமல் கிண்ணத்தின் சுவரில் படியும். அலசல் சரியில்லாவிட்டால், அல்லது போர்த் தண்ணீரைப் பயன்படுத்தினால், குளோரைடு சேர்ந்து வெள்ளை வண்டலாகிக் கெடும். பேட்டரிக் கடைத் தண்ணீர்தான் குறைந்தபட்சம். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் கடையில் வாங்குவதே லாபம். படிப்புக்காகச் செய்வதென்றால் ஒரு முறை செய்து பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்: அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை மிச்சம் வைக்கக் கூடாது. சில மணி நேரத்தில் வெடிக்கும் கருப்புப் பொருள் அதில் உண்டாகலாம். காய்ந்தால் தொட்டாலே வெடிக்கும். தேவைக்கு மட்டும் கலந்து, வேலை முடிந்த உடனே நீர்த்த அமிலம் ஊற்றி அமிலமாக்கிவிடுங்கள்.

10. மிச்சத் தண்ணியை எங்கே ஊத்துறது?

ஊருணியிலோ கண்மாய்க்குப் போகும் வாய்க்காலிலோ இல்லை. ஃபெரிக் குளோரைடுத் தண்ணீரில் சுண்ணாம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, லிட்மஸ் தாள் நடுநிலை காட்டும்வரை கலக்குங்கள். இரும்பு செம்பழுப்பு வண்டலாக அடியில் இறங்கும். அதை வடிகட்டி உலர்த்தி, கல்லூரியின் வேதிக்கழிவோடு கொடுங்கள். மேலே தெளிந்த தண்ணீரிலும் வினைபுரியாத பைரோல் இருக்கலாம், அதையும் கழிவுக் கேனிலேயே சேருங்கள். வெள்ளிக் கரைசலை முந்திய பதிலின்படி அமிலமாக்கியபின் சமையல் உப்பு போட்டால் வெள்ளி குளோரைடாக இறங்கும். அதை எறியாதீர்கள், பணம்.

11. கடத்துற நூலைத் தைச்சா மெஷின்ல அறுந்துகிட்டே இருக்கு அண்ணே.

மேல்நூலாகப் போட்டிருக்கிறீர்கள். மேல்நூல் ஒரு தையலில் சேர்வதற்கு முன் ஊசிக்கண் வழியே பலமுறை மேலும் கீழும் போய்வரும். வெள்ளி அங்கேயே உரிந்துவிடும். கடத்தும் நூலைப் பாபினில் சுற்றி, மேலே சாதாரணப் பாலியஸ்டர் நூல் போடுங்கள். பாபின் பெட்டியின் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஊசி பால்பாயிண்ட், கூரான ஊசி கண்ணியை அறுத்து ஓட்டை விடும்.

நேர்த்தையல் போட்டால் துணி நீளும்போது நூல் அறும். ஜிக்ஜாக் போடுங்கள், அகலம் 3 முதல் 4 மி.மீ. வரை. ஜிக்ஜாக் இல்லாத பழைய மெஷின் என்றால் துணியைக் கையால் இழுத்துப் பிடித்தபடி தைப்பது ஓரளவு உதவும்.

12. சால்டர் வச்சா துணி ஓட்டையாகுது. வேற எப்படிச் சேர்க்கிறது?

நைலான் 6 ஏறக்குறைய 220 பாகையில் உருகும், சால்டர் முனை 350இல் இருக்கிறது. ஓட்டை விழத்தான் செய்யும். தகரமும் பிஸ்மத்தும் கலந்த, 138 பாகையில் உருகும் சால்டர் வாங்கி, முனையை 180இல் வைத்து, ஒரு நொடி தொட்டு எடுத்தால் பிடிக்கும். ஆனால் அந்த இடம் கல்லாகிவிடும். அதன் ஓரத்தில்தான் அடுத்த முறிவு வரும்.

எங்கள் பரிந்துரை டிச் பட்டன். கடத்தும் துணியின் அடியில் நீளாத கெட்டித் துணி ஒரு துண்டு வைத்து, அதையும் சேர்த்துப் பட்டனை அடியுங்கள். பட்டனைச் சுற்றி 1 செ.மீ. நீளாமலும், அதற்கு வெளியே கொஞ்சம் கொஞ்சமாக நீள்வதாகவும் இருக்க வேண்டும். கெட்டியும் மெத்தையும் ஒரே கோட்டில் முட்டினால் அங்கே கிழியும். பழுதான உடுப்புகளை அவிழ்த்துப் பார்த்தால் துணி நன்றாகத்தான் இருக்கும். கெட்டுப்போனது இந்த இணைப்பாக இருக்கும். பட்டன் பித்தளையாக இருந்தால் வியர்வையில் பச்சை பூக்கும், எவர்சில்வர் பட்டன் கேட்டு வாங்குங்கள்.

13. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஸ்கிரீன்லயே வெள்ளி மையை அடிச்சிரலாமா?

தாம்பூலப் பைக்கு அடிக்கிற அதே சட்டமும் ரப்பர் தள்ளியும் போதும். மைதான் வேறு: நீளும் பிசினில் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெள்ளிச் செதில் கலந்தது. செதில்கள் ஒன்றையொன்று தொட்டால்தான் கடத்தும் என்பதால், செலவைக் குறைக்க நீர்க்க வைத்தால் ஒரு கட்டத்தில் கடத்தல் திடீரென்று செத்துப்போகும்.

நேராகத் துணியில் அடித்தால் மை உறிஞ்சப்பட்டுக் கண்ணிகளுக்கு நடுவே அறுந்து நிற்கும். டிபியு என்ற நீளும் பிளாஸ்டிக் படலத்தில் அடித்து, 120 பாகையில் 15 நிமிடம் காயவைத்து, மேலே இன்னொரு படலம் மூடி, ஹீட் பிரஸ்ஸில் 130 பாகையில் 15 நொடி துணியோடு ஒட்டுங்கள். பியூசிங் மெஷின் சூட்டை ஏற்றாதீர்கள். 170க்கு மேல் நெடுநேரம் போனால் லைக்ரா தொய்ந்து, துணி திரும்பிச் சுருங்காது.

14. ஊருக்குள்ள இதைப் பத்தித் தெரிஞ்சவங்க இருக்காங்களா?

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் இருக்கிறது. உலோகப் பூச்சும் அரிப்பும் அதன் சொந்தப் பாடம். கல்லூரி வழியாகக் கடிதத்தோடு போங்கள். 'துணி கரண்ட்டைக் கடத்த மாட்டேங்குது' என்று மட்டும் சொல்லாமல் சதுரத் தடை, எத்தனை முறை இழுத்தது, எதில் துவைத்தது என்று எழுதிய தாளோடு போங்கள்.

15. துவைக்கலாமா? வெள்ளித் துணி கறுத்துப்போச்சு, புளி போட்டுத் தேய்க்கவா?

சீர் கொடுத்த வெள்ளிப் பாத்திரம் கறுத்தால் திருநீறோ புளியோ போட்டுத் தேய்ப்போம். பாத்திரத்தில் வெள்ளி மில்லிமீட்டர்க் கணக்கில் இருக்கிறது, துணியில் மைக்ரான்கூட இல்லை. தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் போகும். இலேசான கறுப்பு பெரும்பாலும் மேல்தோல்தான்; தடை ஏறவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கறுப்பு கந்தகத்தால் வருவது. ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி வைத்தால் ரப்பரில் இருக்கும் கந்தகமே போதும், கோடு விழும். ஜிப் வைத்த பாலித்தீன் உறையில் வையுங்கள். துவைக்கும்போது பேட்டரியையும் சர்க்யூட்டையும் கழற்றி, குளிர்ந்த தண்ணீரில் நடுநிலைத் திரவசோப்பு போட்டு, பிழியாமல் அமுக்கி, நிழலில் காயவையுங்கள். பிளீச்சிங் பவுடர் வெள்ளியையும் லைக்ராவையும் சேர்த்தே தின்னும். சீயக்காய்ப் பொடி அரத்தின் வேலையைச் செய்யும். பாலிபைரோல் துணிக்கு 8ஆம் பதிலில் சொன்ன காரணத்தால் துவைப்பே எதிரி. அதைக் கழற்றி மாட்டும் பட்டையாகச் செய்யுங்கள்.

16. எல்.ஈ.டி. எரியுது, ஆனா அதே கோட்டுல வைப்ரேட்டர் மோட்டார் சுத்த மாட்டேங்குது.

போக ஒரு கோடு, வர ஒரு கோடு. ஒவ்வொன்றும் 20 ஓம் என்றால் மொத்தம் 40. எல்.ஈ.டி.யின் 20 மில்லியாம்பியருக்கு 0.8 வோல்ட் வழியிலேயே போகும், சமாளிக்கும். மோட்டாருக்கு 80 மில்லியாம்பியர் என்றால் 3.2 வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும். கோட்டை அகலமாக்குங்கள், அல்லது மோட்டாரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

17. ஆச்சிக்கு மூட்டுவலி. சூடு கொடுக்கிற பட்டை செய்யலாமா?

காரைக்குடி வெயிலுக்குச் சூட்டுத் துணியா என்று நினைத்தால், அதிகம் கேட்கப்படுவது இதுதான். 5 வோல்ட் பவர் பேங்கில் 5 வாட் வேண்டுமானால் 5 ஓம் வேண்டும். 2 ஓம் சதுரத் தடைத் துணியில் இரண்டரைச் சதுரம்: 20 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம். இணைப்பு முழு 8 செ.மீ. அகலத்துக்கும் தகடாகப் போக வேண்டும். ஒரு மூலையில் கிளிப் போட்டால் மின்சாரம் முழுவதும் அங்கே குவிந்து, அந்த இடம் கருகும்.

42 பாகையில் அறுத்துவிடும் வெப்பச் சுவிட்சு இல்லாமல் யாருக்கும் கட்டாதீர்கள். 44 பாகையே மணிக்கணக்கில் பட்டால் தோல் வேகும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது; அவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

18. முழங்கை மடக்குறதை அளக்கிறோம். ஒரே கோணத்துக்கு மடக்கும்போது ஒரு எண், நீட்டும்போது வேற எண்.

லைக்ரா சோம்பேறி. இழுத்தவுடன் நீளும், விட்டவுடன் பழைய நீளத்துக்கு வராது. புதுப் பட்டையை உடம்பில் போடுவதற்கு முன் வேலை செய்யும் நீட்சிக்கு 50 முறை இழுத்துவிடுங்கள், முதல் சறுக்கல் அடங்கும். மிச்ச வேறுபாட்டைக் கணக்கில் எடுத்து, மடக்குவதற்கு ஒன்று, நீட்டுவதற்கு ஒன்று என இரண்டு வரைகோடு வைத்துக்கொள்வது நேர்மையான வழி.

முழங்கை, முழங்கால் மேல் தோல் 30 சதவீதத்துக்கு மேலும் நீளும்; மூச்சுக்கு நெஞ்சு சில சதவீதம்தான். ஒரே பட்டையை இரண்டுக்கும் வைக்காதீர்கள். ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையில் படிக்க ஒரு நிலையான ரெசிஸ்டரோடு தொடராக வைப்போம் அல்லவா, அதன் மதிப்பு பட்டையின் குறைந்த, கூடிய தடைகளின் பெருக்குத்தொகைக்கு வர்க்கமூலம். பட்டை 2,000 முதல் 4,500 ஓம் வரை போனால் 3,000 ஓம். அப்போதுதான் எண் அதிக தூரம் நகரும். எதைச் செய்தாலும் 6ஆம் பதிலின் திருப்பத்தைப் பார்க்காமல் தொடங்காதீர்கள்.

19. இதயத்துடிப்பு அலை எடுக்கிறோம். உட்கார்ந்தா நல்லா வருது, நடந்தா கிறுக்கல்.

இதய அலையை அளக்கும் ஏடி8232 சர்க்யூட் பலகையோடு வரும் ஒட்டுமுனையில் பசை இருக்கிறது, உங்கள் துணிமுனையில் இல்லை. உலர்ந்த துணி தோலில் உரசும் ஒவ்வொரு முறையும் ஒரு பொய்அலை பிறக்கும். முனையின் பின்னால் 5 மி.மீ. ஸ்பாஞ்சு வைத்து, நெஞ்சுக்குக் கீழே நீளாத பட்டையால் இறுக்கி, போடும்போது துணிமுனையைத் தண்ணீரில் நனையுங்கள். ஐந்து நிமிடத்தில் வியர்வை அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்.

உடம்பில் முனை இருக்கும்போது லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். கோட்டில் வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் குறையும், சார்ஜர் பழுதானால் மெயின் கரண்ட் நெஞ்சுக்கு வரும் வழியும் அடையும். இது துடிப்பை எண்ணப் போதும். நோயைச் சொல்ல இல்லை.

20. மூணு மாசம் ஓடுச்சு. இப்ப அக்குள் பக்கம் மட்டும் ரெண்டு கோடும் ஷார்ட். நடுவுல கறுப்பாப் படர்ந்திருக்கு. கோடு விலகவே இல்லையே?

கோடு விலகவில்லை, வெள்ளி நடந்து போயிருக்கிறது. இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரே திசை மின்னழுத்தம் (டி.சி.) எப்போதும் இருந்து, வியர்வையும் இருந்தால், பிளஸ் கோட்டின் வெள்ளி கரைந்து மைனஸ் கோட்டை நோக்கி நகரும். அங்கிருந்து மறுபடி வெள்ளியாகி வேர்போல் வளரும். வளர்ந்து தொட்டால் ஷார்ட். காய்ந்தபோது அளந்தால் சில சமயம் ஒன்றும் தெரியாது. ஈரத்துணியால் ஒற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

படர்ந்த இடத்தைச் சுரண்டுவதில் பயனில்லை, அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டும். புதிதில் இடைவெளியை 3 மி.மீ.லிருந்து 10 மி.மீ. ஆக்குங்கள், வியர்வை படும் நீளம் முழுவதும் இரு பக்கமும் டிபியு படலத்தால் மூடுங்கள் (13ஆம் பதிலின் சூட்டிலேயே). உணரியை எப்போதும் மின்னழுத்தத்தில் வைக்காமல், படிக்கும் சில மில்லிநொடி மட்டும் கொடுத்து நிறுத்துங்கள். ஆர்டுயினோவின் இரண்டு பின்களில் மாட்டி, ஒரு முறை இந்தப் பக்கம் பிளஸ், அடுத்த முறை அந்தப் பக்கம் பிளஸ் என்று மாற்றிப் படித்தால் போன வெள்ளி பெருமளவு திரும்பி வரும். படலத்தின் வெட்டு ஓரம் திறந்திருந்தால் வியர்வை அதன் வழியே உள்ளே ஏறி, மூடாத துணியைவிட அதிக நேரம் ஈரமாக நிற்கும். ஆகவே படலம் கோட்டைவிட ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும்.